பட்டப்பகலில் மயங்கி விழும் வாசல் காமிரா!

ராத்திரியிலும் சுட்டால் உஷார்

சேலம், நாமக்கல் பக்கம் வெயில் ஏறிவிட்டால் மனிதர்கள் மட்டுமா மயங்குகிறார்கள்? வாசலில் மாட்டிய காமிராவும் மயங்கி விழுகிறது!

காலிங் பெல்லோடு சேர்ந்த குட்டிக் காமிரா இது. வாசலுக்கு வந்தவர் பொத்தானை அமுக்கினால், வீட்டுக்காரரின் செல்போனில் ஆள் முகம் தெரியும். எந்த ஊரில் இருந்தாலும் "யாருங்க அது?" என்று கேட்கலாம்.

ஏப்ரல், மே வந்தால் இதற்குக் கஷ்டகாலம். மதியம் தொட்டால் கை சுடும். படம் அணைந்து போகும். பொழுது சாய்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி தானாக உயிர் வந்துவிடும்.

"சரியாயிடுச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது!

தூங்கும் நேரம்

நாமக்கல் என்றால் லாரி. திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. வண்டியோடு வடக்கே போன ஆண்கள் வீடு திரும்ப வாரக்கணக்கு ஆகும். ரிக் வண்டி என்றால் மாதக்கணக்கு. படித்த பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். தோட்டத்து வீட்டில் மிச்சம் இருப்பது வயதான தாய், தகப்பன்.

2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் ஆகிய 3 பேர் கொலை செய்யப்பட்டனர். 2025-ம் ஆண்டு ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டனர்.

கொங்குச் சீமையே பதறியது. "நம்ம வாசலிலும் ஒரு கண் இருக்கட்டும்" என்று நினைக்காத பிள்ளை உண்டா?

அந்தக் கண் மூடிக்கொள்வது எப்போது? பகல் 2 மணி முதல் 5 மணி வரை. பெரியவர்கள் சாப்பிட்டுப் படுக்கும் நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் குறையும் நேரம். அதனால்தான் இது சின்ன விஷயம் அல்ல.

கடிகாரம் சொல்லும்

கோளாறு எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டு போதும்.

3 நாள் கவனியுங்கள். எந்த நேரத்தில் சுடுகிறது, எந்த நேரத்தில் அணைகிறது, எப்போது திரும்ப வருகிறது என்று குறித்து வையுங்கள்.

மதியம் மட்டும் சுட்டால் குற்றவாளி வெயில். நேரம் காலம் இல்லாமல் அணைந்து, பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்தால் அளவுக்கு மீறிய வேலை. வெயில் படாத ராத்திரி 12 மணிக்கும் கை வைக்க முடியாமல் சுட்டால், வயரிலோ பேட்டரியிலோ கோளாறு. அதுதான் ஆபத்து!

லேசான கதகதப்பு இருந்தால் பயம் வேண்டாம். உள்ளே காமிரா, வை-பை, இருட்டில் பார்க்கும் விளக்கு எல்லாம் ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. மழைத்தண்ணீர் புகாமல் மூடியிருப்பதால் சூடு வெளியே போகவும் வழி குறைவு.

வெயிலின் கணக்கு

2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெயில் 105 டிகிரியைத் தாண்டியது. சென்டிகிரேடில் 40-க்கு மேல். வானிலை நிலையத்தில் இதை நிழலில் வைத்து அளக்கிறார்கள். நேர் வெயில் விழும் சுவரில் மாட்டிய கறுப்புப் பெட்டியின் சூடு இதைவிட எவ்வளவோ அதிகம்.

இந்தக் காமிராக்களில் பலவும் சுமார் 50 டிகிரி சென்டிகிரேடு வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அதைத்தான் "மயக்கம்" என்கிறோம்.

மேற்குப் பார்த்த வாசலுக்கு அடி அதிகம். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அறையும். இரும்புக் கேட்டில் மாட்டியிருந்தால் கேட்டின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை இடம் மாற்றுவது. போர்டிகோ தூணின் உள்பக்கம், சன்ஷேடுக்குக் கீழே என்று மதியம் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். 2 அடி தள்ளி மாட்டினாலே பல வீடுகளில் தொல்லை தீரும்.

மாற்ற முடியாதா? மேலே சின்னக் கூரை வையுங்கள். வெள்ளை நிறமாக இருந்தால் நல்லது. பெட்டியோடு ஒட்டாமல் 2 விரல்கடை இடைவெளி விடுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை கொடுத்தால் சுவர்ச் சூடு ஏறாது.

மழைக்குப் பயந்து சுற்றிய பாலித்தீன் கவரை முதலில் கழற்றுங்கள். அது உள்ளே இருப்பதை வேக வைக்கும்!

ஈரத்துணி சுற்றுவது, தண்ணீர் அடிப்பது, கழற்றி பிரிட்ஜில் வைப்பது எல்லாம் கூடவே கூடாது. உள்ளே ஈரம் கோத்தால் காமிரா நிரந்தரமாகக் கண்ணை மூடிவிடும்.

லாரி போனாலும் படம்

ரோட்டோர வீடுகளில் இன்னொரு வம்பு. ஆள் நடமாடினால் படம் எடுப்பதுதான் காமிராவின் வேலை. அது ரோட்டைப் பார்த்து இருந்தால் போகிற லாரி, பஸ், மாடு எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளும். ஓய்வே இல்லை. சூடாகாமல் என்ன செய்யும்?

செல்போனில் உள்ள அமைப்பில் பார்வை எல்லையைக் குறைத்து, வாசல்படியும் கேட்டும் மட்டும் தெரியும்படி வையுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் மணிக்கணக்கில் நேரடிப் படம் பார்ப்பதையும் குறைக்க வேண்டும். வை-பை பெட்டி பின்கட்டில் இருந்தால் வாசலுக்குப் பக்கமாக நகர்த்துங்கள். அலை கிடைக்காமல் தடுமாறும்போதும் பேட்டரி கரையும், சூடும் ஏறும்.

வயரில் கை வைக்காதே!

நம் ஊர் பழைய காலிங் பெல் 230 வோல்ட் கரண்டில் நேராக ஓடுவது. வயர் காமிரா அப்படி அல்ல. சிலவற்றுக்கு 16 முதல் 24 வோல்ட் ஏ.சி.; சிலவற்றுக்கு 12 அல்லது 5 வோல்ட் டி.சி. எது என்று பெட்டி மேலேயே போட்டிருக்கும்.

பழைய பெல் வயரில் அப்படியே மாட்டினால் போச்சு! சரியான டிரான்ஸ்பார்மர் அல்லது அடாப்டர் வேண்டும். அளவு மாறினாலும் சுடும். திருகு லூசாக இருந்தாலும் அந்த இடம் சுட்டு, வயர் கருகும்.

ராத்திரியும் சுடுகிறதா, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருகிறதா? மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். நீங்களே திருகக் கூடாது.

அமெரிக்காவில் தீ

பேட்டரிக் காமிராவில் ஒரு திருகாணி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கச் சம்பவம் சாட்சி.

2020 நவம்பரில் 'ரிங்' கம்பெனியின் வாசல்மணி காமிரா ஒன்றுக்கு அங்கே எச்சரிக்கை வந்தது. சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் காமிராக்கள் சம்பந்தப்பட்டவை. பொருத்தும்போது தவறான திருகாணியைப் போட்டால் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பதே விஷயம். தவறான ஆணி போட்டதாக 85 புகார்கள். அதில் 23 காமிராக்கள் தீப்பிடித்தன. 8 பேருக்கு லேசான தீக்காயம்.

"ஆணிதானே, வீட்டில் கிடக்கிறதைப் போடு" என்பது நம் பழக்கம். வேண்டாம்! பெட்டியோடு வந்த திருகாணியை மட்டும் போடுங்கள்.

வெயிலில் சுட்ட பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீர்கள். கழற்றி வீட்டுக்குள் வைத்து, நன்றாக ஆறிய பிறகு போடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அதைக் கெடுக்கும்.

பேட்டரி உப்பிவிட்டால் அதோடு சரி. குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

போன் போடுங்க

எல்லாம் சரிசெய்த பிறகு மீண்டும் 3 நாள் பாருங்கள். மதியம் 3 மணிக்குப் படம் தெளிவாக வந்தால் வேலை முடிந்தது.

அதுவரை காமிராவை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் மதியம் ஒரு போன் போட்டு "சாப்டீங்களா, கதவு சாத்தியிருக்கா?" என்று கேட்கலாம். முகம் தெரியாதவர் வந்தால் பெரியவர்கள் கிரில் கதவைத் திறக்காமலே பேச வேண்டும். சந்தேகம் என்றால் 100 அல்லது 112.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பரும் கைக்கு எட்டும் இடத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கட்டும். எந்த வெயிலுக்கும் அணையாத காவல் அதுதான்!