ஞானப்பல் அகற்றிய பின்: ஏரித் தொழிலுக்குத் திரும்புமுன் அறிய வேண்டியவை

பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து பல்வலியுடன் வருவோர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, "பல்லை எடுத்தால் எத்தனை நாள் ஏரிக்குப் போகக் கூடாது?" என்பதே. இக்கேள்வி நியாயமானது. பாடு முறையில் வலை கட்டும் குடும்பத்திற்கு, தன் முறை வரும் நாள் தவறினால் அன்றைய இறால் வருவாய் போய்விடும். இதனால் சிலர் பல்லை எடுக்காமலே நாள் கடத்துகின்றனர். சிலர் எடுத்த மறுநாளே வலை இழுக்கச் செல்கின்றனர். இரண்டுமே துன்பத்தை நீட்டிப்பவை.

வலி ஏன் வருகிறது?

ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதிற்குள் முளைக்கிறது. தாடையில் இடமில்லாதபோது அது சாய்ந்தோ பாதி புதைந்தோ நின்றுவிடும். அதை மூடிய ஈற்றுமடிப்பின் கீழ் உணவுத்துணுக்குகள் தங்கிச் சீழ் பிடிக்கும். வாய் திறப்பதும் விழுங்குவதும் கடினமாகும். வலி மாத்திரை வலியை அடக்குமே தவிர, காரணத்தை நீக்காது. வலிக்கும் இடத்தில் புகையிலை அடக்குவதும், மாத்திரையைப் பொடித்து வைப்பதும் ஈற்றைப் புண்ணாக்கும்.

எல்லா ஞானப்பற்களையும் எடுக்க வேண்டியதில்லை. நேராக முளைத்து, துலக்க எட்டும் பல் இருக்கலாம். எக்ஸ்ரே பார்த்த பின்னரே முடிவு செய்கிறோம்.

சிகிச்சைக்கு முன்

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் தாமாக அதை நிறுத்த வேண்டாம். மரத்துப்போகும் ஊசி மட்டும் போடப்படும்போது வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. உணவுண்டு, துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். ஊசிக்குப் பின் அழுத்தம் தெரியும், வலி தெரியாது. புதைந்த பல்லாயின் ஈற்றைச் சிறிது கீறி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் இடுகிறோம்.

இரத்தக்கட்டியே காவல்

பல் இருந்த குழியில் உறையும் இரத்தம், அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. புண் ஆறுவது அதன்மீதுதான். அது கலைந்தால் எலும்பு வெளிப்பட்டு, காதுவரை தெறிக்கும் வலியும் வாய்நாற்றமும் தோன்றும். பின்வரும் அறிவுரைகள் பெரும்பாலும் அந்தக் கட்டியைக் காப்பதற்கே.

முதல் நாள்: வைத்த பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். எச்சிலில் இளஞ்சிவப்பு நிறம் ஒரு நாள் காணப்படுவது இயல்பு, துப்பாமல் விழுங்குங்கள். கன்னத்தின்மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து வைத்து எடுங்கள். வாய் கொப்பளிக்க வேண்டாம். மரமரப்பு நீங்கியபின் ஆறிய கேழ்வரகுக் கூழ், தயிர்ச்சோறு, இட்லி உண்ணலாம். இளநீரை உறிஞ்சுகுழலால் பருகாமல் டம்ளரில் ஊற்றிப் பருகுங்கள்.

இரண்டாம் நாள் முதல்: காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான நீர் ஒரு டம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மெதுவாகக் கொப்பளியுங்கள். ஏரித்தண்ணீரும் உப்புநீர்தானே என்று அதை வாயில் விட வேண்டாம். ஆறுகளும் பக்கிங்காம் கால்வாயும் கொண்டுவரும் கழிவு அதில் கலந்திருக்கும்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடிப் பின்னர் வடியும். முள் நீக்கிய மீனை அதன்பின் சேர்க்கலாம். நண்டும் காரமும் காத்திருக்கட்டும். பீடி, புகையிலை, மது ஆகியவற்றை ஒரு வாரமேனும் விலக்குங்கள்.

தொழிலுக்கு எப்போது?

வலை இழுத்தல், கழி ஊன்றிப் படகு தள்ளுதல், ஐஸ் பெட்டி தூக்குதல் ஆகியவை மீண்டும் இரத்தம் கசியச் செய்யும். மூன்று நாள் கட்டாய ஓய்வு. ஐந்து நாளானால் நன்று. புதைந்த பல்லாயின் மருத்துவரைக் கேட்டுச் செல்லுங்கள். பறியைப் பல்லால் கவ்வியபடி நீரில் கையால் இறால் தடவும் பெண்கள், தாடை இறுக்கம் நீங்கும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், பறியை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும்.

அவசரமில்லாத பல்லாயின் உங்கள் பாட்டு முறையை எங்களிடம் கூறுங்கள். இரு முறைகளுக்கு இடைப்பட்ட நாளைக் குறித்துத் தருகிறோம்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

பஞ்சு கடித்தும் நிற்காத இரத்தம், காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பின் கூடும் வலி ஆகியவை இருந்தால் அன்றே வாருங்கள். உதடோ நாக்கோ மறுநாளும் மரத்திருந்தால் தெரிவியுங்கள்; அது பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சீராகும். வீக்கம் கழுத்துக்கும் நாவின் அடிக்கும் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாவிட்டால் அது உயிருக்கு ஆபத்து. இரவானாலும் விடியும்வரை காத்திராமல் உடனே 108 எண்ணை அழையுங்கள். பல் எடுக்காதவருக்கும் இது பொருந்தும். நோயாளியால் அவ்வேளையில் பேச இயலாது போகலாம். ஆகவே இப்பகுதியை வீட்டிலுள்ள அனைவரும் படித்து வைத்திருங்கள்.