தொலைவிலிருந்து வீட்டுக் கணினியை இயக்குதல்

கருவி ஓரிடத்திலும் அதனை இயக்கும் கருத்தா பிறிதோரிடத்திலும் இருப்பினும் வினை நிகழ்தல் கூடும் என்பது, கணிப்பொறி வரலாற்றின் தொடக்கத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டதாகும். 1940 செப்டெம்பர் 11 ஆம் நாள், ஜோர்ஜ் ஸ்ரிபிற்ஸ் என்னும் அமெரிக்கக் கணிதவியலார் தாட்மத் கல்லூரியிற் கூடிய அறிஞர் முன் ஒரு தொலையச்சுப் பொறியை வைத்து, நியூயோர்க் நகரிலிருந்த கணிப்புப் பொறிக்குக் கம்பி வழியே கணக்குகளை அனுப்பி விடையும் பெற்றுக் காட்டினார். 1968 டிசெம்பர் 9 இல் டக்ளஸ் எங்கல்பாட் என்பார் சன்பிரான்சிஸ்கோ மண்டபமொன்றிலிருந்து, ஏறத்தாழ 48 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த கணினியைத் திரையும் சுட்டியும் கொண்டு இயக்கினார். இன்று ‘தொலைமேசை’ என வழங்கப்படுவது இவற்றின் வழித்தோன்றலே.

வன்னிப் பெருநிலத்து மாணாக்கர்க்கு இஃது ஏட்டுப்பொருள் அன்று. வவுனியாவில் வீடும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் கல்வியுமாக இருப்போன் ஒருவனை எண்ணுக. ஆற்றல் மிக்க மேசைக் கணினியும், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வரைபடங்களும் வீட்டில். விடுதி அறையிலோ பழைய மடிக்கணினி ஒன்றே. இடையிலுள்ளது ஏ-9 வீதியில் நெடுந்தொலைவு. 1990 இல் நின்றுபோன புகைவண்டி 2013 செப்டெம்பரிற்றான் மீளக் கிளிநொச்சியை அடைந்தது. அதன்பின் பயணம் எளிதாயிற்று எனினும், நள்ளிரவில் ஒரு கோப்புக்காக ஊர் செல்வார் யார்?

தொலைமேசையில் நிகழ்வது யாதெனில், வீட்டுக் கணினியே எல்லா வேலையையும் செய்கின்றது. அதன் திரையில் மாறும் பகுதிகளின் உருவம் மட்டுமே மறையாக்கம் பெற்று நம்மிடம் வருகின்றது. நம்முடைய விசையழுத்தமும் சுட்டியின் அசைவும் அங்கே செல்கின்றன. ஆதலின் கையிலுள்ள கருவி மெலிந்ததாயினும் குறைவில்லை.

இனி, இடர்ப்பாடு முகவரியிலே தோன்றுகின்றது. இணையத்தின் பழைய முகவரி முறையிலே ஏறத்தாழ 430 கோடி எண்களே உள. அவை போதாமையால், வீட்டிலுள்ள கருவிகள் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளையே பெறுகின்றன. வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி ஒன்றே. கைத்தொலைபேசி அலைவரிசை வழியாக இணையம் பெறும் வீடுகளிற் பலவற்றில் அந்த ரவுட்டருக்கும் பொதுமுகவரி வாய்ப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும். ரவுட்டருக்குக் கிடைத்த எண் 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதியில் அமைந்திருப்பின், வெளியிலிருந்து நேரே கதவைத் தட்ட வழியில்லை என அறிக. ‘ரவுட்டரில் வாயிலைத் திறந்துவிடு’ என்னும் வழக்கமான அறிவுரை இங்ஙனம் பயனற்றுப் போகின்றது.

பயன்படும் இடத்தும் அவ்வறிவுரையைக் கொள்ளற்க என்பதே எமது துணிபு. விண்டோஸ் தொலைமேசைக்குரிய வாயில் எண் 3389 என்பதை உலகமே அறியும். திறந்து கிடக்கும் அவ்வாயிலைத் தேடி, இடையறாது கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயலும் நிரல்கள் இணையமெங்கும் உலவுகின்றன. 2019 மே மாதத்தில் வெளிப்பட்ட ‘புளூகீப்’ என்னும் குறைபாடோ, பழைய விண்டோஸ் பதிப்புகளிற் கடவுச்சொல்லே இன்றி உட்புக இடமளித்தது. அதன் கடுமை கருதியே, 2014 இற் கைவிடப்பட்ட எக்ஸ்பி பதிப்புக்கும் மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது.

தக்க வழிகள் இரண்டு. எளியது, இரு கணினிகளும் தாமே வெளிச்சென்று ஒரு பொது இடத்திற் சந்திக்கும் முறை. குரோம் தொலைமேசை இவ்வகையினது. வீட்டுக் கணினியில் அதனை நிறுவி, ஆறு இலக்கத்துக்குக் குறையாத எண்ணொன்றை அமைத்து, அதே கூகிள் கணக்கினால் மறுகணினியில் நுழைதல் போதும். இம்முறையில் வீட்டுத் திரையும் ஒளிர்ந்துகொண்டிருக்குமாதலால், நாம் செய்வதை அங்குள்ளோர் காண்பர் என்பதை மறத்தலாகாது. நேர்வழி அமையாதபோது படங்கள் இடைநிலைக் கணினி ஒன்றினூடாகச் செல்லும். அது சிங்கப்பூரில் இருப்பின், விசையை அழுத்தி விளைவைக் காண்பதற்குள் ஒளிக்கே 50 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும்.

மற்றையது, வி.பி.என். எனப்படும் தனிச்சுரங்கம் அமைத்து அதனுள்ளே விண்டோஸ் தொலைமேசையைச் செலுத்துதல். வயர்கார்ட் என்னும் நெறிமுறையின்மேற் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற கருவிகள், பொதுமுகவரி இல்லாத வீட்டுக்கும் இதனை இயல்விக்கின்றன. வீட்டுக் கணினியில் விண்டோஸின் ‘புரோ’ போன்ற பதிப்பு இருத்தல் இன்றியமையாதது. ‘ஹோம்’ பதிப்பு இணைப்பை நாடுமேயன்றி ஏற்காது. அமைப்புகளில் ‘சிஸ்டம்’ என்பதன்கீழ் ‘ரிமோட் டெஸ்க்டொப்’ விசையை இயக்குக. கடவுச்சொல் இல்லாத கணக்கினால் இதில் நுழைய இயலாது. நாம் நுழைந்ததும் வீட்டுத் திரை பூட்டிக்கொள்ளும்.

எத்துணை நன்கு அமைப்பினும் உறங்கும் கணினி விடையிறாது. மின்வழங்கல் இருக்கும்போது உறங்காவண்ணம் அதனை அமைத்தல் வேண்டும். மின்தடையோ வேறுவகை. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை யாரும் மறந்திரார். மின்சாரம் மீண்டதும் தானே எழும்படி பயோஸ் அமைப்பில் ஒரு தெரிவு உண்டு. வீட்டை விட்டுப் புறப்படுமுன் அதனை இயக்கி, மின்செருகியைப் பிடுங்கி மாட்டிச் சோதித்துக்கொள்க.

இதே கருவி பிறிதொரு வகையிலும் நம் வீடுகளுட் புகுந்துள்ளது. முல்லைத்தீவிலிருக்கும் தந்தையின் கணினியை ரொறன்ரோவிலிருக்கும் மகன் திருத்திக்கொடுத்தல் இன்று இயல்பு. ஆனால் வங்கி அலுவலர் என்றோ கணினி நிறுவனத்தார் என்றோ தொலைபேசியிற் பேசி, எனிடெஸ்க் முதலிய நல்ல கருவிகளையே நிறுவச்செய்து, கணக்கிலுள்ள பணத்தை எடுத்துச் செல்லும் வஞ்சகரும் பல நாடுகளில் உளர். இங்கே முதியவர் தம் கையாலேயே கதவைத் திறந்துவிடுவதால், மறையாக்கமும் கடவுச்சொல்லும் காவலாகமாட்டா. ஐயா அம்மாவுக்கு இதனை நிறுவிக்கொடுக்கும் பிள்ளைகள், அழைப்பு முதலிற் பிள்ளையிடமிருந்தே வரும், அயலார் கூறும் இலக்கத்தை ஒருபோதும் தட்டச்சிடலாகாது என்பதையும் சொல்லிக்கொடுப்பாராக. ஐயம் தோன்றின் ரவுட்டரின் மின்செருகியைக் கழற்றுதல் எவர்க்கும் எளிது; அக்கணமே தொலைவிலுள்ளோன் கை அறுந்துபோம்.