கியர் மாற்றும்போது செயின் கழல்கிறதா? கடைக்குப் போகுமுன் இவற்றைப் பாருங்கள்

பள்ளி முடிந்து, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பிள்ளை சைக்கிளில் வருகிறான். மேடு தொடங்கும் இடத்தில் கியரை மாற்றுகிறான். ‘கடகட’வென்று ஒரு சத்தம். செயின் கழன்று மிதி வெறுமனே சுற்ற, கால் நழுவிக் கீழே விழுகிறான். பின்னால் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்?

செயின் கழன்றால் ‘லூசாகிவிட்டது’ என்று சொல்வது வழக்கம். கியர் இல்லாத சைக்கிளுக்கு அது பொருந்தும்; பின்சக்கரத்தை இழுத்து முடுக்கினால் போதும். கியர் சைக்கிளில் செயினை இழுத்துப் பிடிப்பது, பின்சக்கரத்தின் அருகே தொங்கும் கியர் மாற்றியில் உள்ள ஸ்பிரிங். எனவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் வளைவைப் பாருங்கள்

சைக்கிள் வலப்பக்கமாக விழுந்ததா என்று பிள்ளையிடம் கேளுங்கள். கியர் மாற்றி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. விழும்போது அதைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு உள்நோக்கி வளைந்துவிடும். பின்னால் நின்று பார்த்தால், கியர் மாற்றியின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலுள்ள பல்சக்கரத்துக்கு நேராகத் தொங்க வேண்டும். சாய்ந்திருந்தால் கடைக்காரரிடம் கொடுத்து நிமிர்த்துவதே நல்லது. வளைவு இருக்கும்வரை திருகாணியைத் திருப்பிப் பயனில்லை.

எந்தப் பக்கம் விழுகிறது?

கியர் மாற்றியில் இரண்டு சிறு திருகாணிகள் இருக்கும். பெரும்பாலும் ‘எச்’, ‘எல்’ என்ற எழுத்துகளும் பக்கத்தில் இருக்கும். செயின் எவ்வளவு தூரம் நகரலாம் என்று எல்லை போடுபவை இவைதாம்.

மிகச் சிறிய பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் ‘எச்’ திருகாணியை வலப்புறமாகத் திருப்புங்கள். மிகப் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிச் சக்கரக் கம்பிக்குள் விழுந்தால் ‘எல்’ திருகாணியை வலப்புறமாகத் திருப்புங்கள். ஒரு முறைக்குக் கால் சுற்று போதும். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, மிதியைக் கையால் சுற்றி, எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள்.

இரண்டில் கம்பிப் பக்கம் விழுவதே ஆபத்து. கியர் மாற்றியே கம்பிக்குள் இழுக்கப்பட்டால் சக்கரம் திடீரென நின்றுவிடும்.

முன்பக்கப் பல்சக்கரத்திலிருந்து செயின் கழன்றாலும் இதே வழிதான். முன் கியர் மாற்றியிலும் இரண்டு திருகாணிகள் உண்டு.

கேபிளும் தேய்மானமும்

எல்லை சரியாக இருந்தும் செயின் இரண்டு கியருக்கு நடுவே தடுமாறினால் கேபிளைப் பாருங்கள். கியர் மாற்றிக்குள் கேபிள் நுழையும் இடத்தில், கையால் திருப்பக்கூடிய குமிழ் இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுத்தால் அதை இடப்புறமாகவும், சிறியதற்கு இறங்க மறுத்தால் வலப்புறமாகவும் சிறிது திருப்புங்கள். மழையில் கேபிள் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

செயின் தேய்ந்ததா என்று அறிய 12 அங்குல அடிக்கோல் போதும். ஒரு ஆணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். புதிய செயினில் அதற்கடுத்த 24-வது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1.5 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். 3 மில்லிமீட்டரை எட்டினால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், செலவு கூடும். செம்மண் தூசி செயினை விரைவில் அரித்துவிடும். எனவே துணியால் துடைத்து, சைக்கிள் எண்ணெய் சில சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை

மேடு வருமுன்பே கியரை மாற்ற வேண்டும். மாற்றும்போது மிதியை நிறுத்தாமல் மெதுவாகச் சுற்ற வேண்டும்; எழுந்து நின்று அழுத்திக்கொண்டே மாற்றக்கூடாது. முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் ஒரே நேரத்தில் செயினைப் போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

செயின் கழன்றால் சாலை ஓரத்தில் நிறுத்துங்கள். கியர் மாற்றியை முன்பக்கமாகத் தள்ளினால் செயின் தளரும். அதைப் பல்லில் பொருத்திய பிறகு, கையை எடுத்துவிட்டே மிதியைச் சுற்ற வேண்டும். ஒருவர் செயினைப் பிடித்திருக்க மற்றவர் மிதியைச் சுற்றுவது விரலுக்கே ஆபத்தாக முடியும்.