மருத்துவரிடம் மறைக்கக் கூடாத குடும்பக் கதை

மனச்சோர்வுக்கு ஆளான பதின்பருவப் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, ‘குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா?’ என்ற கேள்வி எழும். ‘அப்படி யாரும் இல்லை’ என்ற பதில் பல வீடுகளில் தயாராகவே இருக்கிறது. நாளை வரன் தேட வேண்டியிருக்கும். சித்தப்பாவின் கதை ஏன் வெளியே வர வேண்டும் என்ற தயக்கம்தான் காரணம். ‘பைபோலார்’ எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாற்றில் இந்த மௌனம் ஆபத்தானது.

மிகையான மன எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் வெவ்வேறு காலங்களில் வந்துபோகும் இந்நோய், பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தோன்றுகிறது. பலருக்கு முதலில் வருவது சோர்வு மட்டுமே. எழுச்சி நிலை சில ஆண்டுகள் கழித்தே தலைகாட்டக்கூடும். இடைப்பட்ட காலத்தில் இதைச் சாதாரண மனச்சோர்வாகக் கருதி, அதற்குரிய மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலரிடம் அதுவே எழுச்சி நிலையைத் தூண்டிவிடலாம். குடும்ப வரலாறு தெரிந்தால், மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கண்காணிப்பதிலும் மருத்துவர் கூடுதல் கவனம் கொள்வார்.

பொதுமக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வரும் இந்நோய், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வருகிறது. எஞ்சிய 90 முதல் 95 பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பரம்பரை என்பது தலைவிதி அன்று.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். பதற்றமும் சோர்வும், சட்டெனப் புரளும் மனநிலை, நோயெனக் கூறும் அளவை எட்டாத எழுச்சி அறிகுறிகள் ஆகியவை முன்னறிகுறிகளாக அமைந்தன. பெற்றோருக்கு இளவயதிலேயே நோய் தொடங்கியிருந்தால் வாய்ப்பு மேலும் கூடியது.

பெற்றோர் எளிதில் கவனிக்கக்கூடியது உறக்கம். தேர்வுக்காகக் கண்விழித்த மாணவர் மறுநாள் துவண்டுபோவார். நாள்கணக்கில் மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பே தெரியாமல், ஓயாத பேச்சும் புதுப்புதுத் திட்டங்களுமாக ஒருவர் திரிந்தால், அதைச் சுறுசுறுப்பு என்று மெச்சிவிடக் கூடாது. கஞ்சாப் பழக்கம் இருந்தால் கவலை இரட்டிப்பாகும். அதற்காக, கதவை அறைந்து சாத்தும் பிள்ளைகளுக்கெல்லாம் நோய்ப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. இந்நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மருத்துவர் நம்பியிருப்பது குடும்பத்தார் சொல்லும் விவரங்களைத்தான்.

நம் வீடுகளில் அந்த விவரங்கள் பெரும்பாலும் நோயின் பெயரில் இருப்பதில்லை. ‘காற்று கருப்பு’ அண்டியதாகச் சொல்லப்பட்ட பாட்டி, ஒரே மாதத்தில் நிலத்தை விற்றுத் தீர்த்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த பெரியப்பா என்று அவை வேறு கதைகளாக உலவுகின்றன. அவற்றை அப்படியே சொன்னாலும் போதும். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பதற்கான உரிமையை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 உறுதிசெய்திருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.