செவியும் கிவியும்: உறுப்புப்பெயர் ஒன்றன் மூலவடிவம்

தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் 'செவி' என வழங்கும் உறுப்புப்பெயர், கன்னடத்தில் 'கிவி' எனவும் துளுவில் 'கெபி' எனவும் வழங்குகிறது. கன்னட வடிவம் தமிழ்ச் சொல்லின் திரிபு எனக் கருதுவோர் உளர். ஒலிமாற்ற விதி இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

செய்–கெய், செம்–கெம், சிறு–கிறு ஆகிய இணைகளிலும் தமிழ்ச் சகரத்திற்கு நிகராகக் கன்னடத்தில் ககரமே நிற்கிறது. இகர எகரங்களுக்கு முன் நின்ற மூலக் ககரம் தமிழில் சகரமாயிற்று. அவ்வுயிரை அடுத்து வளைநா ஒலி வந்தவிடத்து மாறாது நின்றது. இதனைத் தாமஸ் பரோ 1943இல் விளக்கினார். கிளி, கெடு என்பன சான்றாம். ஆதலின் 'கேள்' என்னும் வினை ககரத்தைக் காத்தது; கேட்கும் பொறியின் பெயரோ அதனை இழந்தது.

இத்தகைய மாற்றம் செருமானியக் கிளையிலும் உண்டு. கன்னத்தைக் குறித்த கோதிக் 'கின்னுஸ்', மோவாயைக் குறிக்கும் ஜெர்மன் 'கின்' ஆகியவற்றின் இனச்சொல் ஆங்கிலத்தில் 'சின்' ஆயிற்று. அங்கும் முன்னுயிரே மாற்றத்திற்குக் காரணம்.

கன்னடமும் மாறாதிருக்கவில்லை. ஈற்று இகரத்தின் சார்பால் அதன் முதலசை எகரம் இகரமாயிற்று. மூலவடிவம் 'கெவி' எனக் கொள்ளின், தமிழ் அதன் உயிரையும் கன்னடம் அதன் மெய்யையும் காத்துள்ளன. எனவே ஒன்று மற்றொன்றன் திரிபன்று. இரண்டும் ஒருமூலத்துக் கிளைகளே.