மெதுவான எலக்ட்ரான் டிஎன்ஏவை அறுப்பது எப்படி?

கதிர்வீச்சில் பாய்ந்துவரும் துகள்தான் டிஎன்ஏவை வெட்டுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது வழியெங்கும் எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகிறது. அவற்றில் பெரும்பாலானவை 30 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றல் உடையவை. இந்தச் சொற்ப ஆற்றல் என்ன செய்துவிடும்? 2000-இல் கனடாவின் ஷெர்புரூக்கில் லியோன் சான்ஷ் குழுவினர் 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களை வெற்றிடத்தில் உலர்ந்த டிஎன்ஏமீது செலுத்தினார்கள். ஓரிழை மட்டுமல்ல, ஈரிழைகளும் அறுந்தன. இங்கே நடப்பது வெறும் மோதல் அல்ல. எலக்ட்ரான் மூலக்கூறில் கணநேரம் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூடுதல் மின்னூட்டத்தைத் தாங்காமல் சர்க்கரைக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையிலான பிணைப்பு விட்டுப்போகிறது.

செல்லுக்குள் நீர் இருக்கிறதே, வெற்றிடச் சோதனை அங்கே பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. நீர் எலக்ட்ரானை நொடிப்பொழுதுக்குள் அடக்கிவிடும்தான். ஆனால் டிஎன்ஏவை ஒட்டியே பிறக்கும் எலக்ட்ரானைத் தடுக்க அதற்கு அவகாசம் இல்லை. இதில் ஈரிழைகளும் அறுவதுதான் பெரிய ஆபத்து. ஓரிழை அறுந்தால் எதிரிழையைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்தால் அந்த இடத்தில் பார்த்து எழுத எதிரிழையும் முழுதாக இருக்காது.