கையகத்துப் பூதங்கள்

அஞ்சத்தக்கதைக் கண்டு விலகுதல் மக்களின் இயற்கை. அங்ஙனமிருக்க, அஞ்சத்தக்க உருவத்தையே சாண் அளவிற் செய்து, விலை கொடுத்து வாங்கி, மேசைமேல் நிறுத்தி மகிழ்வார் பலர் இன்று உலகெங்கும் உளர். பழைய திரைப்படங்களில் தோன்றிய பூதங்கள், இரத்தம் குடிக்கும் பேய்கள், ஓநாய் மனிதர் ஆகியோரின் கைகால் அசையும் பதுமைகளை அவர்கள் தேடித் தொகுக்கின்றனர். இவற்றை ஆங்கிலேயர் ‘ஆக்ஷன் பிகர்’ என்பர். இவ்வழக்கம் எங்ஙனம் எழுந்தது என்பதையும், சேலம் நாமக்கல் நாட்டினராகிய நமக்கு இதனோடு யாது தொடர்பு என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவிலுள்ள யூனிவர்ஸல் கம்பெனியார் 1931ஆம் ஆண்டில் ‘டிராக்குலா’, ‘பிராங்கென்ஸ்டைன்’ என்னும் இரு படங்களை வெளியிட்டனர். மேரி ஷெல்லி அம்மையார் 1818இல் வெளியிட்ட நவீனமே பின்னதற்கு மூலம். பிராங்கென்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயரென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அப்பூதத்தைப் படைத்த மாணாக்கனின் பெயரேயாம். நூலில் பூதத்திற்குப் பெயரே இல்லை. தட்டையான உச்சி, நெற்றித் தழும்பு, கழுத்தின் இருபுறத்தும் நீண்ட இரும்பு முளைகள் என நாம் அறிந்துள்ள அம்முகம், ஜாக் பியர்ஸ் என்னும் வேஷக் கலைஞர் போரிஸ் கார்லாப் என்ற நடிகரின் முகத்தில் நாள்தோறும் பல மணி நேரம் உழைத்து அமைத்தது. 1932இல் வந்த ‘மம்மி’யும், 1941இல் வந்த ‘ஓநாய் மனிதனு’ம் அவர் கைவண்ணமே.

1957ஆம் ஆண்டில் இப்பழைய படங்கள் தொகுதியாக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. தந்தையர் கொட்டகையிற் கண்டு நடுங்கியவற்றைப் பிள்ளைகள் தம் கூடத்தில் அமர்ந்து கண்டனர். 1961இல் அரோரா கம்பெனியார் பிராங்கென்ஸ்டைன் பூதத்தின் உறுப்புக்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கவே, சிறுவர் அவற்றைப் பசையால் ஒட்டி வர்ணந் தீட்டினர். 1964இல் ஹாஸ்ப்ரோ கம்பெனியார் ஏறக்குறைய ஓரடி உயரமுள்ள போர்வீரன் உருவொன்றை மூட்டுக்கள் அசையுமாறு செய்தனர். ‘பொம்மை’ என்றால் ஆண்பிள்ளைகள் வாங்க நாணுவரென்று கருதியே ‘ஆக்ஷன் பிகர்’ என்னும் புதுப்பெயரை அவர்கள் சூட்டினர். பின்னர்ப் பூதங்களும் அவ்வாறே மூட்டசையும் வடிவம் பெற்றன. இக்காலத்தில் நெகா முதலிய கம்பெனியார் செய்யும் பூதப் பதுமைகள் ஏழங்குல அளவின. ஓர் உடலுக்கு இரண்டு மூன்று தலைகள் உடன் வரும். சினந்த முகத்தைக் கழற்றிச் சாந்த முகத்தைப் பொருத்தலாம்.

தலையைக் கழற்றி மாட்டும் இவ்வித்தையை நாம் புதிதென வியக்க வேண்டுவதில்லை. கந்தசஷ்டியன்று முருகன் கோயில்களிற் சூரசம்ஹாரம் கண்டவர், ஒரே உடலில் யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக மாறுவதைக் கண்டவரன்றோ? நவராத்திரிக் கொலுவில் மகிஷனும் இரணியனும் படிமீது வீற்றிருக்கின்றனர். நாமக்கல் மலையைக் குடைந்தமைத்த எட்டாம் நூற்றாண்டுக் குகைக்கோயிலில், நரசிம்மர் இரணியனை வதைக்கும் காட்சி கல்லிலே உறைந்து நிற்கின்றது. பயங்கரத்திற்கு உருவம் கொடுத்துக் கண்முன் நிறுத்துதல் நம்மவர்க்குத் தொன்றுதொட்ட பழக்கமேயாம். உருவமற்ற அச்சம் மனத்தை ஆளும். உருவம் பெற்ற அச்சத்தை நாம் ஆளலாம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபின் அதன் தையலும் தழும்பும் நமக்குத் தெரிந்தவையாகிவிடுகின்றன.

மற்றொரு வியப்பும் உண்டு. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் வானளாவிய மாளிகைமேல் ஏறிய பேருருவக் குரங்கு, உண்மையில் ஏறக்குறைய ஒன்றரை அடிப் பதுமையே. உள்ளே உலோக எலும்பு, மேலே முயல் தோல். அதனை அணுவணுவாக அசைத்து ஒவ்வொரு படமாகப் பிடித்து உயிரூட்டினர். அங்கே பொம்மையே பூதமாயிற்று. இன்று அப்பூதம் மீண்டும் பொம்மையாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நாமக்கல் 1997இல் தனி ஜில்லா ஆகும்வரை சேலத்தோடு ஒன்றியிருந்தது. அந்நாட்டுத் திருச்செங்கோட்டைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் நெசவுத்தொழிற் கல்வி கற்று மீண்டு, 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். அங்கு நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உருவாயின. அவற்றுள் ஒன்று, அமெரிக்கரோடு கூட்டாக எடுத்து 1952இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. யானைகள் வெருண்டோடி ஊர்களை அழிப்பதன் காரணத்தைத் தேடிக் கானகம் புகுவோர், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப்போன மாமூத் என்னும் சடையானைகள் இன்னும் உயிரோடிருப்பதைக் காண்கின்றனர் என்பது கதை. சடையானைக்கு எங்கே போவது? நாட்டு யானைகளுக்கே மயிர்ப்போர்வை போர்த்திச் சடையானையாக்கினர்! கிங் காங்கிற்குப் பொம்மை உயிர்ப்பிராணி வேஷம் போட்டது; நம் படத்திலோ உயிர்ப்பிராணியே வேஷம் போட்டது.

கார்லாப்பின் பூதத்தை நம் மாணாக்கர் பலர் ஒரு பார்வையில் அறிவர். சேலத்தார் படைத்த சடையானையை அறிந்தவர் எத்துணை பேர்? அப்படம் பெரும்புகழ் பெற்ற காவியமன்று. ஆயினும் பியர்ஸின் உழைப்பை இன்று நினைவூட்டுவது படம் மாத்திரமன்று. தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் கையில் இருந்த பதுமைகளுமே. மாடர்ன் தியேட்டர்ஸ் படமனைகளோ மறைந்தொழிந்தன. ஏற்காட்டுச் சாலையில் அதன் முகப்பு வளைவு மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. கையில் எடுத்துக் காட்ட ஓர் உருவம் இல்லாதபடியால், போர்வை தைத்த தையற்காரரும், அதைப் போர்த்த பாகரும், பொறுத்துநின்ற யானையும் ஒருங்கே மறக்கப்பட்டனர்.

பதுமை தொகுத்தல் வீண் செலவென்று கடிந்துரைப்பார் உளர். பெட்டியைத் திறவாமலே வைத்து விலையேற்றத்தை எதிர்நோக்குவாரைப் பற்றி அக்கூற்றுப் பொருந்தலாம். ஆனால் ஓர் உருவைக் கையிலெடுத்து, இதனைச் சமைத்தவர் யார், எவ்வாறு சமைத்தார் என வினவுவானுக்கு அது பாடபுத்தகத்திற்கு ஒப்பானதே. களிமண்ணும் காகிதக்கூழும் நமக்குப் புதியனவல்ல. அச்செடுத்து வர்ணந் தீட்டவல்ல குயவரும் பொம்மை செய்வோரும் நம்மிடை உளர். அடுத்த கொலுக்காலத்திற்குள் நம் மாணாக்கருள் ஒருவர், தோளிற் சடை தொங்கும் ஒரு யானையைச் செய்து கல்லூரி நூல்நிலையத்தில் வைப்பாராயின், அதன் அருகில் நின்று, ‘இஃது என்ன பிராணி?’ என்று ஒரு சிறுவன் நிச்சயம் கேட்பான். அவனுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் நாமே.